கணையக் கசிவைத் தடுக்க எந்த மருந்து?

கணைய அறுவை முடிந்தபின் மருத்துவர் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது வடிகுழாய்ப் பையைத்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகும் அதில் சேரும் நீரில், கணையம் சுரக்கும் நொதியான அமிலேஸ், ரத்தத்தின் இயல்பான உச்ச அளவைப்போல மும்மடங்கைத் தாண்டினால் கசிவு உண்டு என்று பொருள். புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பது கணைய நீர். வெளியே ஒழுகினால் சீழ் கட்டும், ரத்தக்குழாயை அரித்து உயிருக்கே உலை வைக்கும்.

கணையச் சுரப்பை அடக்கினால் கசிவும் அடங்கும் என்ற நம்பிக்கையில் வந்த மருந்து ஆக்ட்ரியோடைடு. 1992இல் அறுவை மருத்துவர் பியூக்லரின் குழு அதை 246 பேரிடம் சோதித்தது. சிக்கல்கள் 55 சதவீதத்திலிருந்து 32க்கு இறங்கின. 2000இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் யோ குழு 211 பேரிடம் பார்த்தபோதோ, மருந்து பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 9 சதவீதத்தினருக்கும் கசிவு. மருந்து ஒன்றுதான்; அறுவையின் வகையும் சிக்கலைக் கணக்கிட்ட விதமும் வேறு. கசிவுக்குப் பொதுவான வரையறை 2005இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளை அருகருகே வைத்து எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது சரியல்ல.

2014இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, அதே வகையைச் சேர்ந்த பாசிரியோடைடு என்ற மருந்தை 300 பேரிடம் சோதித்தது. கடுமையான கசிவும் சீழும் 21லிருந்து 9 சதவீதமாயின. மதிக்கத்தக்க முடிவு. ஆனால் ஒரே மருத்துவமனையின் முடிவு. குமட்டல், வாந்தியால் 17 சதவீதத்தினர் மருந்தை நிறுத்த நேர்ந்தது. ரத்தச் சர்க்கரையும் ஏறும், விலையோ கடுமை.

அதனால்தான் பின்லாந்து மருத்துவர்களின் வழி எனக்குப் பிடிக்கிறது. மலிவான ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனையும் பாசிரியோடைடையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். கசிவை மட்டும் எண்ணாமல், நோயாளி பட்ட எல்லாச் சிக்கல்களையும் ஒரே மதிப்பெண்ணில் சேர்த்தார்கள். 2020இல் வெளியான முடிவில், மலிவு மருந்து சளைத்ததல்ல என்று நிறுவ முடியவில்லை; குறிப்பாகக் கணையத்தின் வால்பகுதியை நீக்கியவர்களிடம் பாசிரியோடைடே மேலாகத் தெரிந்தது. ஆனால் ஆய்வு சிறியது. நிறுவ முடியாமற்போனதை மலிவு மருந்து பயனற்றது என்று படித்துவிடக் கூடாது. மருந்தே பெறாத குழு ஒன்று அதில் இல்லை என்பதும் பெரிய குறை.

எல்லோருக்கும் ஊசி போடுவது இன்னொரு தவறு. இறுகிய கணையத்தில் தையல் நன்றாகப் பிடிக்கும். கசிவது பெரும்பாலும் மென்மையான, குறுகிய நாளமுள்ள கணையம். அடுத்த ஒப்பீட்டை அத்தகையோரிடம் பல மருத்துவமனைகள் சேர்ந்து, செலவையும் கணக்கிட்டு நடத்த வேண்டும். அதுவரை வழக்கம் என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் ஆக்ட்ரியோடைடு எழுதுவதை அறுவை மருத்துவர்கள் நிறுத்த வேண்டும்.