தாமதம் பற்றிச் சில குறிப்புகள்

நமது சஞ்சிகைகள் நாவலைப் பற்றி எழுதியிருக்கின்றன. நாடகம், ஓவியம், சினிமா பற்றியும் வேண்டிய அளவு சண்டை பிடித்திருக்கின்றன. வீடியோ விளையாட்டு மட்டும் அவற்றின் கண்ணிற் படவில்லை. பட்டபோதும் 'பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்' என்ற மேடைப் பேச்சின் ஒரு வரியாகவோ, நுகர்வுக் கலாசாரம் பற்றிய கட்டுரையின் ஓர் உதாரணமாகவோதான் வந்து போயிற்று. புலம்பெயர்ந்த சூழலில் ஒரு முழுத் தலைமுறை பேஸ்மென்ற்றில் இருந்து எதைப் பார்த்தது, யாருடன் பேசியது, எதற்குக் காத்திருந்தது என்பதை அறியாமலே அத்தலைமுறையின் 'அடையாள நெருக்கடி' பற்றி நாம் கருத்தரங்கு வைத்தோம்.

இக்குறிப்புகளில் நான் மறுக்க விரும்புவது நம்மவரின் இந்த அலட்சியத்தை அன்று; அதை மறுப்பது சுலபம். மறுக்க வேண்டியது விளையாட்டுத்துறை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வரலாற்றை. முன்னொரு காலத்தில் மொடெம் இருந்தது, அது மந்தமானது. பிறகு அகலப்பட்டை வந்தது (கனடாவில் ஹைஸ்பீட் என்றோம்). தடை நீங்கியது, உலகம் ஒன்றாயிற்று. 2002 நவம்பர் 15 அன்று வட அமெரிக்காவில் மைக்றோசொவ்ற் தொடங்கிய எக்ஸ்பொக்ஸ் லைவ் இக்கதையின் நாயகன். 2001இல் உற்பத்தி நின்றுபோன சேகாவின் ட்றீம்காஸ்ற், காலத்துக்கு முந்திப் பிறந்து செத்த பிள்ளை. மற்றப் பெருங்கதையாடல்களை எல்லாம் சந்தேகிக்கப் பழகிய நாமும் இதைக் கேள்வியின்றி விழுங்கியிருக்கிறோம்.

ட்றீம்காஸ்ற் 1999 செப்ரெம்பர் 9இல் வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் உடலோடு ஒரு 56கே மொடெமும் சேர்ந்தே வந்தது. வாங்குகிறவரின் வீட்டில் நிச்சயமாக இருக்கக்கூடியது ஒரு தொலைபேசிக் கம்பி மட்டுமே என்று அதை வடிவமைத்தவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். கேபிளுக்கும் டி.எஸ்.எல்.லுக்கும் வேண்டிய கருவியைச் சேகா இங்கே தனியாக விற்கத் தொடங்கியது 2001 ஜனவரியில். அதே மாதம் 31ஆம் திகதி பெட்டியின் உற்பத்தியையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. எக்ஸ்பொக்ஸோ 2001 நவம்பரில் வரும்போதே ஈதர்நெற் துவாரத்துடன் வந்தது. மொடெம் கிடையாது. சொனி 2002 ஓகஸ்ற்றில் பிளேஸ்ரேஷன் 2க்கு விற்ற கருவியில் இரண்டும் இருந்தன என்றாலும், அத்துடன் பெரிதாகப் பேசப்பட்ட சொக்கொம் என்ற இராணுவ விளையாட்டு ஹைஸ்பீட் உள்ளவர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது.

இவற்றைத் தொழில்நுட்ப முடிவுகள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அவை யார் விளையாடலாம் என்பது பற்றிய முடிவுகளாகவே படுகின்றன. ரொறன்ரோவில் உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கு இல்லை. ஆதலால் எந்த இணைய நிறுவனத்தின் இலக்கத்தையும் போட்டு விடியும் வரை தொடர்பில் இருக்கலாம். இந்தச் சலுகை இலண்டனிலோ பாரிஸிலோ இருந்த நண்பர்களின் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை; அங்கே பெட்டியுள் இருந்த மொடெமின் வேகமும் 33.6தான், அழைப்புக்கும் நிமிடத்துக்கு நிமிடம் காசு ஓடிற்று. ஹைஸ்பீட்டுக்கு இங்கே டயலப்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மாதக் காசு. இரண்டு வேலை செய்கிற, ஊருக்கும் காசு அனுப்புகிற ஒரு வீட்டில் அந்த இரண்டாவது மடங்கு எங்கிருந்து வரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

தொலைபேசிக் கம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதியவர்கள் அதை ஒரு குழாயாகவே பார்க்கிறார்கள். நமது வீடுகளில் அது குழாயன்று. 1990க்குப் பின் வடக்கின் பெரும்பகுதியில் தொலைபேசி கிடையாது. வன்னியில் இருப்பவர் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்து, கொமியூனிகேஷன் கடையில் காத்திருந்து, வெளிநாட்டுக்கு எடுக்க வேண்டும். அங்கே காலை எட்டு மணி என்றால் அப்போது இங்கே இரவு பத்து. பிள்ளை பள்ளிக்கூடப் பாடத்தை முடித்துவிட்டு மொடெமைத் தொடுக்கும் நேரம் அது. இடையில் இன்னொரு அழைப்பு வந்தால் கோல் வெயிற்றிங் ஒலி மொடெமின் தொடர்பை அறுத்துவிடும். எனவே இலக்கத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி, ஏழு, பூச்சியம் என்று சேர்த்துவிட வேண்டும் என்பதை எல்லாப் பெடியளும் அறிந்திருந்தார்கள். சேர்த்துவிட்டால் வெளியே இருந்து எடுப்பவருக்கு எங்கேஜ் தொனி மட்டுமே கேட்கும்.

2000ஆம் ஆண்டு நாங்கள் ஸ்காபரோவில் அப்பார்ட்மென்ற் ஒன்றில் இருந்தபோது வவுனியாவுக்கு வந்திருந்த என் மாமியார் மூன்று தரம் எடுத்தும் கிடைக்கவில்லை. பாஸ் முடிந்து திரும்பிப் போய்விட்டார். அவரது குரலை அடுத்து நாங்கள் கேட்டது 2002இல், போர்நிறுத்தத்தின் பின். என் மனைவி மகனை ஏசவில்லை. தொலைபேசிக் கம்பியைக் கழற்றி இரண்டு கிழமை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான். அந்த இரண்டு கிழமையும் யாராலும் எங்களுக்கு எடுக்க முடியவில்லை என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம். மொடெமின் குறை வேகக்குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படும். உண்மையில் அது தாமதம். விளையாட்டில் ஒரு செக்கனுக்கு அனுப்ப வேண்டிய தகவல் சொற்பமே. ஆனால் 56கே என்று விற்கப்பட்ட மொடெமில் மேலே போகும் வழி 33.6 கிலோபிற் தான். நூறு பைற் கொண்ட ஒரு பொதி கம்பியில் ஏறி முடியவே 24 மில்லி செக்கன் எடுக்கும். அதன்மேல் மொடெம்கள் பிழை திருத்தவும் சுருக்கவும் எடுக்கும் நேரம், இரு பக்கமும். போய்த் திரும்ப 200 மில்லி செக்கன் ஆவது சாதாரணம். கேபிளில் அது 50க்குக் கீழே நின்றது. சுடும் விளையாட்டில் இந்த வித்தியாசம் உயிர் போகும் வித்தியாசம்: நீங்கள் குறிவைத்த இடத்தில் எதிராளி இப்போது இல்லை, ஐந்திலொரு செக்கனுக்கு முன்பு இருந்தான்.

கணணியில் இந்தப் பிரச்சினை முன்பே எழுந்தது. 1996இல் வெளிவந்த குவேக் என்ற விளையாட்டு, பல்கலைக்கழகத்து வேகத்தில் இருந்தவர்களுக்குச் சொர்க்கமாகவும் மொடெம்காரருக்குச் சேற்றில் ஓடுவதாகவும் இருந்தது. குறைந்த தாமதம் உள்ளவனைத் திட்டுவதற்கென்றே விளையாடுபவர்களிடம் ஒரு கெட்ட வார்த்தை பிறந்தது. அதை எழுதிய ஜோன் கார்மக் அவ்வாண்டு டிசம்பரில் குவேக்வேர்ள்ட் என்ற திருத்தத்தைத் தந்தார். உங்கள் அசைவுக்குச் சேர்வரின் சம்மதம் வரும்வரை காத்திராமல் உங்கள் கணணியே அதை ஊகித்துக் காட்டிவிடும். தவறானால் பின்னர் திருத்திக்கொள்ளும். அதாவது பலவீனமான இணைப்பை உடையவனை மனதில் வைத்து ஒரு கலைவடிவத்தின் இலக்கணமே மாற்றப்பட்டது. இன்றைய வேகமான விளையாட்டுக்களும் அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கின்றன.

ட்றீம்காஸ்ற்றில் இதைவிடத் துணிவான விடை ஒன்று வந்தது. யூஜி நாக்காவின் சொனிக் ரீம் செய்த ஃபான்ரசி ஸ்ரார் ஒன்லைன், ஜப்பானில் 2000 டிசம்பரிலும் இங்கே 2001 ஜனவரியிலும் வெளிவந்தது. தாமதத்தை மறைக்க முயலாமல், தாமதம் இருந்தாலும் குடிமுழுகாத ஓர் உலகத்தை அது கட்டியது. நான்கு பேர் சேர்ந்து போகலாம். ஒருவரை ஒருவர் காயப்படுத்த முடியாது. எதிரி பெரியது, மெதுவானது. வெட்டு மூன்று தாளத்தில் விழும். தாளத்தைப் பிடித்தால் போதும், மில்லி செக்கனைப் பிடிக்க வேண்டியதில்லை. வேட்டைக்குப் போகாமல் கூடத்தில் சும்மா நின்று கதைத்தே இரவைக் கழித்தவர்களும் இருந்தார்கள். கீழே விழும் பொருளை முந்தி எடுப்பவனுக்கே அது சொந்தம் என்ற விதி மட்டும் இதற்கு விலக்கு. அங்கே கேபிள்காரன் மொடெம்காரனை எப்போதும் முந்தினான். சண்டைகளும் அங்கேதான் வந்தன.

அதன் கதையை நம்மவர் யாராவது கவனித்திருந்தால் அது குறித்து ஒரு கட்டுரையாவது வந்திருக்கும். அழிந்த தாய்க்கிரகத்தை விட்டு வெளியேறிய மக்களைச் சுமந்துகொண்டு பயனியர் 2 என்ற கப்பல், முன்னே போனவர்கள் குடியேறிய ராகொல் என்ற கிரகத்தை அடைகிறது. அடையும் தருணத்தில் ஒரு பெருவெடிப்பு. முன்னே போனவர்கள் எவரும் இல்லை. கப்பல் இறங்க முடியாமல் மேலேயே நிற்கிறது. வேட்டைக்காரர் சிலர் மட்டும் கீழே போய்ப் பார்க்க அனுமதிக்கப்படுகிறார்கள். 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரை நினைவிருக்கும் ஒருவரால் இதை வெறும் விண்வெளிக் கதையாக வாசிக்க முடியுமா? கீழே றிக்கோ என்ற பெண் விட்டுச்சென்ற குரற்பதிவுகள் ஆங்காங்கே கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு அவளின் பின்னால் போகிறோம். நாம் வரும்போது அவள் எப்போதும் போய்விட்டிருக்கிறாள். தாமதமாக வந்துசேரும் குரலைப் பற்றிய கதையை, தாமதமாக வந்துசேரும் கம்பியில் விளையாட வைத்தார்கள். உருவமும் உள்ளடக்கமும் என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்த விடயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

எக்ஸ்பொக்ஸ் லைவ் இதற்கு எதிர்த்திசையில் போயிற்று. தாமதம் உள்ளவனை உள்ளே எடுத்து அவனுக்காக விளையாட்டை வளைப்பதைவிட அவனை வாசலிலேயே மறிப்பது எளிது. மறித்ததும் ஆட்டம் உண்மையாகவே அழகாயிற்று. 2004 நவம்பரில் வந்த ஹேலோ 2 நன்றாக ஓடியது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அழகு வாசலில் நின்றவனின் செலவில் வந்தது என்பதைத் துறையின் வரலாறு சொல்வதில்லை.

அத்துடன் அது காதுக்கும் வாய்க்கும் ஒரு கருவியைக் கொடுத்தது. ஃபான்ரசி ஸ்ராரில் பேச்சு எழுத்தாக இருந்தது. விசைப்பலகை இல்லாதவர்கள் ஆயத்த வசனங்களைத் தெரிந்தெடுக்கலாம். ஒருவர் ஜப்பானிய மொழியில் தெரிந்தெடுத்ததை மற்றவர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ ஸ்பானிய மொழியிலோ வாசிப்பார். வந்து இரண்டு வருடமான பிள்ளையும் அங்கே இலக்கணப் பிழையின்றிப் பேசிற்று. எக்ஸ்பொக்ஸ் லைவில் வாயைத் திறந்த கணமே உச்சரிப்பு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு என்ன பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்கள் என்பதை உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். குரலை மாற்றிக் காட்டும் வசதி ஒன்றும் அதில் இருந்தது. ரோபோவாகப் பேசுவதற்கும் உச்சரிப்பை மறைப்பதற்கும் அது ஒன்றேயாகப் பயன்பட்டது எனலாம்.

இவ்வளவும் எழுதிய பின் நானே என் வாதத்துக்கு எதிராகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து மொழிகளில் தமிழ் இல்லை. அரபு இல்லை, சீனம்கூட இல்லை. அந்தச் சகோதரத்துவத்தின் எல்லை சேகாவின் சந்தை எல்லைதான். அடுத்த பதிப்பில் மாதக் கட்டணமும் வைத்தார்கள். மேலும் மொடெமின் சனநாயகம் எங்கள் வீட்டில் யாருடைய காசில் நடந்தது? கொமியூனிகேஷன் கடையில் காத்திருந்த ஒரு கிழவியின் காசில். பழையதைப் போற்றும் இளைஞர்கள், மொடெம் கூவும் ஒலியை இனிய நினைவாகப் பேசும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த ஒலி கேட்டால் என் மனைவி இப்போதும் எழுந்து நிற்பாள்.

நாங்கள் யூனியன்வில்லுக்கு வந்தது 2003இல். ஸ்காபரோ அப்பார்ட்மென்ற்றில் இருந்து மார்க்கம் வீடுகளுக்கு நம்மவர் நகரத் தொடங்கியிருந்த காலம். இதே யோர்க் பிராந்தியத்தின் நியூமார்க்கற், கேபிள்வழி இணையம் கனடாவில் முதலில் பரீட்சிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. நெடுஞ்சாலை 7இல் மேற்கே பதினைந்து நிமிடம் ஓடினால், 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360இன் வரைகலைச் சில்லைத் தந்த ஏ.ரி.ஐ. நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது. வேகம் உற்பத்தியாகும் ஊருக்கே குடிவந்திருந்தோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் கேபிளுக்குக் காசு கட்ட முடிவெடுத்தவள் என் மனைவி. காரணம் விளையாட்டன்று; தொலைபேசி எப்போதும் சும்மா இருக்க வேண்டும். நான் அறிந்த வேறு வீடுகளிலும் இதே கதை. ஆகவே ஹைஸ்பீட் நமது வீடுகளுக்குள் நுழைந்தது விளையாட்டின் கையைப் பிடித்துக்கொண்டன்று, ஊரிலிருந்து வரும் அழைப்பின் கையைப் பிடித்துக்கொண்டு. விளையாட்டு பின்கதவால் வந்தது. 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலைச் செய்தி வந்த அந்த இரவும் பகலும், மேலே மனைவி ஒவ்வோர் இலக்கமாகச் சுழற்றிக்கொண்டிருக்க மகன் கீழே விளையாடிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியதாக இருந்தது. இது வளர்ச்சிதானா என்று அன்று நான் கேட்டேன். மனைவி 'விசர்க் கதை கதையாதேங்கோ' என்றாள்.

பழைய எக்ஸ்பொக்ஸ் லைவ் 2010 ஏப்ரில் 15இல் மூடப்பட்டது. பெட்டியை அணைக்காமல் வைத்திருந்த ஒரு சிலர் மே மாதம் வரை ஹேலோ 2க்குள் தங்கியிருந்தார்கள். ஃபான்ரசி ஸ்ராரையோ அதன் ரசிகர்கள் தங்கள் சொந்தச் சேர்வர்களில் இன்றும் ஓட்டுகிறார்கள்.

இப்போது என் பேரனும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தம்பியின் பேத்தியும் சனிக்கிழமைகளில் சேர்ந்து விளையாடுகிறார்கள். இரு வீட்டிலும் பைபர். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் போகும்; போய்வர 137 மில்லி செக்கன், எந்த நிறுவனம் என்ன விலைக்கு விற்றாலும் அதிலும் குறையாது. கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் அது 200ஐத் தாண்டும். 2000இல் ஸ்காபரோவில் என் மகனிடம் இருந்த அதே எண். துப்பாக்கி விளையாட்டையும் உதைபந்தாட்டத்தையும் இரண்டு கிழமை முயன்று பார்த்துவிட்டு, யார் தோற்றாலும் 'லாக்' என்று சண்டை பிடித்துவிட்டு, இப்போது மைன்கிராவ்ற்றில் வீடு கட்டுகிறார்கள். அவள் ஒரு கல்லை வைத்தால் இவனுடைய திரையில் அது சற்றுப் பிந்தி வருகிறது. 'பொறு, இன்னும் வரேல்லை' என்கிறான். அவள் பொறுக்கிறாள்.