எழில் என்னும் நிரல்மொழி: எளிமையும் அதன் விலையும்

கணினிக்குக் கட்டளையிடும் மொழி தமிழிலும் அமையலாம் என்பதை மெய்ப்பித்த முயற்சிகளுள் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' குறிப்பிடத்தக்கது. அதன் அமைப்பை விளக்கும் ஆங்கிலக் கட்டுரை 2009 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தமிழில் ஒன்று தோன்றிவிட்டது என்ற மகிழ்ச்சியோடு அமைந்துவிடுவோர் பலர். ஆயின், எதனைப் பெறும்பொருட்டு அம்மொழி எதனை இழந்தது என்ற வினாவே திறனாய்வுக்கு உரியது.

எழில், பைத்தன் மொழியின்மேல் கட்டப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மாக் என இயங்குதளங்கள் வேறுபடினும், பைத்தன் இயங்கும் இடத்தில் எழிலும் இயங்கும். பொறிக்குப் பொறி மாற்றி எழுதும் சுமை இதனால் நீங்கிற்று. பைத்தனின் நூலகச் செல்வமும் கைக்கு வந்தது. இதற்குக் கொடுத்த விலை வேகமாகும். எழில் நிரலைப் பைத்தன் நிரலொன்று வாசிக்க, அதனைப் பிறிதொரு நிரல் வாசிக்கின்றது. 1993 இல் பிரேசிலில் தோன்றிய லூவா இதற்கு மறுதலையான வழியைத் தேர்ந்தது. தரப்படுத்திய சி மொழியில் எழுதப்பட்டு, அட்டவணை என்னும் ஒரே தரவமைப்பைப் பற்றிக்கொண்ட அம்மொழி விரைவுடையது, எங்கும் பொருந்துவது. ஆனால் நினைவக மேலாண்மை முதலியவற்றை அதன் ஆக்கியோரே எழுத வேண்டியிருந்தது. உடன்வரும் நூலகமும் சிறியது.

பைத்தனிடம் பெற்ற கடன் எழுத்திலும் தோன்றும். 'யாழ்' என்பது தமிழ் கற்றோனுக்கு ஈரெழுத்து. யூனிக்கோடு முறையிலோ யகரம், கால், ழகரம், புள்ளி என நான்கு குறியீடுகள். பைத்தன் தன்னியல்பில் நான்கென்றே எண்ணும். தமிழெழுத்தைத் தமிழெழுத்தாக எண்ணுதற்கு 'ஓப்பன் தமிழ்' என்னும் தனி நூலகம் வேண்டியதாயிற்று.

தொடரமைப்பே ஆழ்ந்து நோக்கத்தக்கது. எழிலில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னுஞ் சொல் பின்னுமாக வருகின்றன. தனித்து நிற்பின் முரணை உணர்த்தும் அச்சொல், நிபந்தனையின் பின் நிற்கையில் தன் பழம்பொருளை மீளப் பெறுகின்றது. இது தமிழின் இயல்பறிந்த தெரிவு. ஆயினும் நிபந்தனைக்கு முன் '@' என்னுங் குறி நிற்கின்றது. வருவது யாதென முன்னரே உணர்த்துவதால் பகுப்பியின் வேலையை அது எளிதாக்கும். 'பதிப்பி', 'பின்கொடு' ஆகிய ஏவல்களோ செயப்படுபொருளுக்கு முன் நிற்கின்றன. வினை இறுதியில் நிற்கும் மொழியில் இஃது ஆங்கில வரிசையே. சொல் தமிழாயினும் தொடர் முழுமையாகத் தமிழாகவில்லை.

மானிப்பாயில் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனும் இத்தகைய இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். அவருடைய இரசாயன நூல் 1875 இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரோடு வெளிவந்தது. பெயர் கடனாயினும், நூலின் விளக்கம் தமிழ் வாக்கியத்தில் நடந்தது. கலைச்சொல்லைக் கடன் கொள்ளலாம். சிந்தனை செல்லும் ஒழுங்கைக் கடன் கொள்ளுதல் அத்துணை எளிதில் ஏற்கத்தக்கதன்று.

எழிலின் நோக்கம் கற்பித்தல். எனவே வேகத்தை இழந்தமை குறையாகாது. பத்து வரி நிரல் எழுதும் மாணவன் அதனை உணரான். பைத்தனின் பிழைச்செய்தி இடைமறித்துத் தமிழாக்கப்படாது அவன்முன் ஆங்கிலத்தில் தோன்றுமாயின், அவன் தடுமாறுவது அங்கேயே. யாழ்ப்பாணத்துத் தமிழ்மொழி மூல வகுப்பறைக்கு இத்தகைய மொழி வருமாயின், பிழை சுட்டும் உரையும் வாக்கிய ஒழுங்கும் முதற்கண் செப்பனிடப்படல் வேண்டும். விரைவு பின்னர் வரலாம்.