அடி பிசகாத பாட்டுகள்

60 நிமிஷக் கசெட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, நெருக்கினால் ஏழு. எண்பதுகளில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் ரெக்கோர்டிங் பாருக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு போனவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். காதல் பாட்டு, சோகப் பாட்டு, சாமிப் பாட்டு என்றால் பட்டியலில் தகராறு வராது. மேலே ‘டிஸ்கோ’ என்று எழுதிவிட்டால் போதும், லயத்து இஸ்தோப்பில் பாதி இரவு அதிலேயே போகும். கமல் ஆடினால் டிஸ்கோ என்பார் ஒருவர். கலர் லைட் சுழன்றால் டிஸ்கோ என்பார் இன்னொருவர். இங்கிலீஷ் பாட்டு மட்டும்தான் டிஸ்கோ, மற்றதெல்லாம் பார்த்துப் போட்டது என்று நோர்வூட் பஸ்ஸில் அடித்துச் சொன்னவர்களும் உண்டு. பதினான்கு இடங்களுக்குள் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கல்யாண வீட்டில் பாட்டுப் போடுகிற தம்பியைச் சுற்றி அதே வாதம் இப்போதும் நடக்கிறது. எனக்கு இதில் தீர்மானமான கருத்து உண்டு. டிஸ்கோவைத் தீர்மானிப்பது படத்தில் தெரியும் விளக்கும் உடுப்பும் அல்ல, பேஸ் கிட்டார்.

டிஸ்கோ தாளத்தின் இலக்கணம் சின்னது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் நாலு எண்ணிக்கையிலும் விழவேண்டும். ஒன்றுகூட விடுபடக் கூடாது. இரண்டாவதிலும் நாலாவதிலும் ஸ்னேர் அடியோ கைதட்டோ சேரும். எண்ணிக்கைகளுக்கு நடுவில் ஹை-ஹாட் தட்டு வாய் திறந்து ‘ட்ஸ்’ என்று மூடும். நிமிஷத்துக்கு 110 முதல் 130 அடி வரை. 1973இல் ஃபிலடெல்ஃபியாவில் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டுக்கு ஏர்ல் யங் வாசித்த டிரம்ஸிலிருந்துதான் இந்த அமைப்பு பரவியது என்பார்கள். இவ்வளவையும் ஒரு மெஷினாலும் செய்துவிட முடியும். 1977இல் மியூனிக்கில் ஜோர்ஜியோ மொரோடர் சிந்தசைசரை வைத்துக்கொண்டு டோனா சம்மரை ‘ஐ ஃபீல் லவ்’ பாடவைத்தது அப்படித்தான். டிரம்ஸ் இப்படி ஒரே இடத்தில் நின்றுவிடுவதால் பாட்டை நகர்த்துகிற வேலை முழுக்க பேஸுக்கு வந்துசேருகிறது. கீழ் ஸ்வரத்துக்கும் அதன் மேல் ஸ்வரத்துக்கும் தாவித் தாவி, சில இடத்தில் வேண்டுமென்றே மௌனமாகி, மறுபடி வந்து விழுந்து, இடுப்பை அசைக்கச் சொல்வது அதுதான்.

நம் ஊர்க் காது இதற்குப் பழகியது இல்லை. நாம் தப்பில் வளர்ந்தவர்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்படிப்பவர் ஆடுகிறவரின் காலைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். கால் மாறினால் அடியும் மாறும். ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. பனியில் தோல் தளர்ந்துபோனால் கூத்தை நிறுத்தி நெருப்பில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்துத்தான் மறுபடி தொடங்குவார்கள். அங்கிருந்து வேகம் ஏறிக்கொண்டே போகும். விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலைக்கு ஆள் திரட்டும் இடத்துக்கு, எழுப்பிய அடியும் தப்பில் விழுந்ததுதான், மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் கவிதையில் அந்த அதிர்வு இருக்கிறது. ஆக, தாளம் நம்மிடம் எப்போதும் எதிரில் இருக்கும் ஆளோடு பேசுகிற காரியம். டிஸ்கோ யாரோடும் பேசுவதில்லை. ஆடுகிறவன் களைத்தாலும் குதித்தாலும் அது தன் பாட்டுக்குப் போகும். ‘ஒரே அடியாத்தானே இருக்கு’ என்று மூத்தவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த ஒரே அடியின் மேல் என்னவெல்லாம் கட்டப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் காதுக்கு வந்துசேரவில்லை. காரணம் ரேடியோ.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவைதான் நமக்குப் பாட்டு கொடுத்தது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகமும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானமும் இல்லாமல் அந்தக் காலத்துப் பாட்டை நினைக்கவே முடியாது. மின்சாரம் வராத லயத்துக் காம்பராக்களில் அது பெட்டரி ரேடியோவில் ஒலித்தது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் ஒலித்தது. அந்த ஸ்பீக்கரில் குரல் வரும், வயலின் வரும், கைதட்டு வரும், பேஸ் வராது. பெரிய டிரம்மின் அடி ‘டொக்’ என்று சுருங்கித்தான் வரும். கசெட் பிளேயர் வந்தபிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது. பெட்டரி இறங்க இறங்க மோட்டார் தளரும், பாட்டு மெதுவாகும், சுருதியும் கூடவே இறங்கும். பெட்டரியை வெயிலில் காயவைத்துப் போட்டால் மேலும் இரண்டு பாட்டுக்கு உயிர் வரும். வேகமே இலக்கணமாக உள்ள ஓர் இசையை இப்படித்தான் கேட்டோம். அதனால் எங்கள் பட்டியல்களில் பேஸ் நல்ல பாட்டுகள் பின்னுக்குப் போய், குரல் நல்ல பாட்டுகள் முன்னுக்கு வந்தன.

திருவிழாவுக்குக் கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கும் அதே குறைதான். ஆனால் மலை அதற்கு ஒரு விசித்திரமான ஈடு செய்தது. நிமிஷத்துக்கு 120 அடி என்றால் இரண்டு அடிகளுக்கு இடையே அரை செக்கன். ஒலி அந்த நேரத்தில் ஏறக்குறைய 170 மீட்டர் போகும். எதிர்ச்சரிவு 85 மீட்டரில் இருந்தால் எதிரொலி சரியாக அடுத்த அடியின் மேல் வந்து விழும்! அதில் பாதித் தூரம் என்றால் இரண்டு அடிக்கு நடுவே, ஹை-ஹாட் இருக்கவேண்டிய இடத்தில் விழும். டப்பாங்குத்தின் ஆறெட்டுத் தாளத்தை இதே எதிரொலி குழப்பியடித்துவிடும். சம இடைவெளியில் விழும் டிஸ்கோ மட்டும் குழம்பாது, தடிக்கும். கீழ் டிவிஷன் கோயிலில் போட்ட பாட்டு மேல் மலை லயத்துக்கு மற்ற எந்தப் பாட்டையும்விடத் தெளிவாகக் கேட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தபோதுதான் நியாயமான தீர்ப்புக்கு வழி பிறந்தது. முதன்முறையாகப் பாட்டின் அடிப்பாகம் காதுக்கு வந்தது; நெஞ்சுக்கும் வந்தது. பழைய பட்டியலை அந்தப் பெட்டிகளின் முன்னால் வைத்துப் பார்த்தால் சில பெயர்கள் விழும்.

முதலில் விழுவது ‘மை நேம் இஸ் பில்லா’. 1980இல் எம்.எஸ். விஸ்வநாதன் கொடுத்த கம்பீரமான பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் தாளம் ஒரு கதாநாயகனின் நடைக்காகப் போட்டது. கூட்டம் ஆடுவதற்காகப் போட்டது இல்லை. அவரே அதற்கு முந்தின வருஷம் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் போட்ட ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டைக் கழிக்க மனசு வலிக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் அப்படிச் சிறகடித்த பாட்டுகள் குறைவு. அது மேடைக் குழுவின் பாட்டு, ரொக் சாயல் கூடியது. அதன் இடம் வேறு. ‘சகலகலா வல்லவன்’ படத்தின் ‘இளமை இதோ இதோ’ பற்றித்தான் பெரிய சண்டை வரும். 1982 முதல் டிசம்பர் 31 நள்ளிரவு அந்தப் பாட்டுக்கு எழுதிக் கொடுத்ததாகிவிட்டது, அதை யாரும் பறிக்க முடியாது. டிஸ்கோவுக்கு அது அவசரம் அதிகம். டிஸ்கோ ஆட்டக்காரனுக்கு மூச்சுவிட இடம் தரும், இது ஓடவைக்கிறது. 1986இன் ‘விக்ரம்’ தலைப்புப் பாட்டு கம்ப்யூட்டர் யுகத்தின் வாசல், அடுத்த அத்தியாயம். ‘சிக்கு புக்கு ரயிலே’ அதற்கும் அடுத்தது.

‘சுராங்கனி’யைச் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. ஏ.இ. மனோகரனின் பொப் பாட்டுகளும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வும் இந்தத் தீவின் தமிழ் உருவாக்கிய சொத்து, வேறெங்கும் பிறந்திருக்க முடியாதவை. ‘சுராங்கனி’க்கு உயிர் பைலா, பைலாவுக்கு ஆறெட்டுத் தாளம். அதைக் கொண்டாடுவதற்கு டிஸ்கோ என்ற பட்டம் தேவையே இல்லை.

நிற்பவற்றில் முந்தியது, ‘சட்டம் என் கையில்’ படத்தின் ‘சொர்க்கம் மதுவிலே’. 1978. ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ வெளியாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத காலத்தில் இளையராஜாவின் கையில் இந்த மொழி வந்துவிட்டது. அதே வருஷம் ‘ப்ரியா’வில் ‘டார்லிங் டார்லிங்’. போனி எம் வாசனை அதில் வீசுகிறது என்று குறை சொல்வார்கள். வீசட்டும். பி. சுசீலாவின் தேன் குரலை அந்தத் தாளத்தின் மேல் உட்காரவைத்து, இரண்டில் எதுவும் மற்றதற்காகத் தன்னைக் குறைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது சாதாரண வேலையா? எஸ். ஜானகியின் ‘இது ஒரு நிலாக்காலம்’ பாட்டுக்கும் ஓர் இடம் கட்டாயம் வைப்பேன். இரவு பிந்தி, கூட்டம் குறைந்தபிறகு போடவேண்டிய பாட்டு அது.

1984இன் ‘எனக்குள் ஒருவன்’ தந்த ‘மேகம் கொட்டட்டும்’ மலையகத்தில் பெற்ற செல்வாக்கு தனி. மழை கொட்டினாலும் ஆட்டம் நிற்காது என்கிற பாட்டு. வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் தென்மேற்குப் பருவ மழையில் திருவிழா நடத்திப் பார்த்தவர்களுக்கு அது வெறும் சினிமாப் பாட்டாக இருக்க முடியாது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்று ஆடிய பாட்டு.

இனி உண்மையான போட்டி. 1983இல் வந்த இரண்டு ரஜினி படங்கள்: ‘அடுத்த வாரிசு’, ‘தங்க மகன்’. முதலாவதில் ‘ஆசை நூறு வகை’, இரண்டாவதில் ‘வா வா பக்கம் வா’. தோட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தால் ‘ஆசை நூறு வகை’ லேசாக வெல்லும். மலேசியா வாசுதேவனை நம் ஆட்கள் தங்கள் ஆளாகவே நினைத்தார்கள். கடல் கடந்த மண்ணில் பிறந்த குரல், தொண்டையைத் திறந்து பாடும் குரல்; நாட்டுப்புறப் பாட்டுக்குள்ள அதே வலுவோடு டிஸ்கோவுக்குள் நுழைந்த குரல். உள்ளங்கை ஸ்பீக்கரிலும் குழாய் ஸ்பீக்கரிலும் அது கொஞ்சமும் குறையவில்லை. ரேடியோ கொடுத்த தீர்ப்பு அது. அதை நான் மதிக்கிறேன்.

பெட்டி ஸ்பீக்கர் கொடுக்கும் தீர்ப்பு வேறு. ‘வா வா பக்கம் வா’வில் பாடுகிறவர்கள் இரண்டு பேர், பாட்டு மூன்று. எஸ்.பி.பி. கொஞ்சுகிறார், சீண்டுகிறார். வாணி ஜெயராம் சுருதியில் மயிரிழை விலகாமல் நேர்கோடாக நிற்கிறார். இருவருக்கும் கீழே பேஸ் கிட்டார் தன் பாட்டைத் தனியாகப் பாடிக்கொண்டே போகிறது. குரல்களை மறந்துவிட்டு அதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். எங்கே தாவுகிறது, எங்கே ஒரு எண்ணிக்கை வாயை மூடிக்கொள்கிறது, குரல் மூச்செடுக்கிற இடைவெளியில் எப்படி முன்னால் வருகிறது என்பதெல்லாம் தெரியும். அந்த வருஷங்களில் இளையராஜாவிடம் டிரம்ஸுக்குப் புருஷோத்தமனும் பேஸ் கிட்டாருக்குச் சசிதரனும் கீபோர்டுக்கு விஜி மானுவலும் இருந்தார்கள். மொரோடருக்கு மெஷின் செய்ததை இங்கே மனிதக் கையும் காலும் செய்தன. பல்லவி, இடையிசை, சரணம் என்று நாலரை நிமிஷத்துக்குள் சினிமாப் பாட்டுக்குரிய எல்லாக் கடமையையும் முடித்துக்கொண்டு, அடியும் பிசகாமல் இருக்கவேண்டும். டோனா சம்மரின் ‘லவ் டு லவ் யூ பேபி’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு 16 நிமிஷத்துக்கு மேல் ஓடியது. சென்னைக் கலைஞர்களுக்கு அந்த வசதி இல்லை. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நேரத்துக்குள் அதே மயக்கத்தைக் கொண்டுவந்தார்கள்.

‘பார்த்துப் போட்டது’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்கோவில் அசல் ஊர் என்று ஒன்றைக் காட்டுங்கள். மொரோடர் இத்தாலியர், வேலை செய்தது ஜெர்மனியில். போனி எம் ஜெர்மனியில் உருவான குழு, அதன் பெண் குரல்கள் கரீபியன். 1980இல் ‘குர்பானி’ படத்துக்காக நாஸியா ஹசன் என்ற பாகிஸ்தான் சிறுமி லண்டனில் பாடிய ‘ஆப் ஜைஸா கோயீ’ பாட்டைத் தயாரித்த பித்து, பெங்களூர்க்காரர். ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தில் பப்பி லஹிரி போட்ட ‘ஜிம்மி ஜிம்மி’ பாட்டை 2007இல் தன் ‘கலா’ ஆல்பத்தில் மறுபடி பாடிய எம்.ஐ.ஏ., இலங்கைத் தமிழ்ப் பெண். ஊர் ஊராகக் கைமாறித்தான் இந்த இசை வளர்ந்தது. சென்னையில் அது பட்ட கை உலகத்தில் எந்தக் கைக்கும் குறைந்தது இல்லை.

ஆகவே என் பட்டியலில் ‘ஆசை நூறு வகை’க்கு இரண்டாவது இடம், முதலிடம் ‘வா வா பக்கம் வா’வுக்கு. இதை மறுக்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து போனின் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மறுக்கவேண்டாம். அது பழைய பெட்டரி ரேடியோவைப் போலவே பேஸைத் தின்றுவிடுகிறது. அடுத்த கல்யாண வீட்டில் பெரிய பெட்டிகள் அடுக்கியிருக்கும்போது பாட்டுப் போடும் தம்பியிடம் இரண்டையும் அடுத்தடுத்துப் போடச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.