‘நிதானய’: வளவும் வாக்குமூலமும்

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ (1972) ஒரு கொலையை மையமாகக் கொண்ட சிங்களத் திரைப்படம். எனினும் கொலையாளி யார் என்பது அதில் மர்மமன்று. கடனில் மூழ்கிய வளவுப் பிரபு வில்லி அபேநாயக்க, புதையலுக்குப் பலியிடும் பொருட்டே ஐரீனை மணக்கின்றான். அவளைக் கொன்ற பின்னரும் புதையல் கிட்டாது, தன்னையும் மாய்த்துக்கொள்கின்றான்.

படத்தின் மந்தகதியைக் குறையெனல் பொருந்தாது. உழைப்பினின்றும் அறுபட்ட வர்க்கத்தின் காலம் அவ்வாறே நகரும். உற்பத்தியில் பங்கற்ற வர்க்கமே புதையலைக் கனவு காணும்.

ஆயின், கதை வில்லியின் வாக்குமூலமாகவே விரிகின்றது. வளவின் வேலையாட்கள் எதனை அறிந்திருந்தனர் என்பது வினாவாகவே எழவில்லை. றொபேட் ஓல்ற்மனின் ‘கொஸ்ஃபோர்ட் பார்க்’ (2001) இவ்விடத்தில் வேறுபடுகின்றது. அங்கு வேலையாட்களைப் பொருட்படுத்தாத பொலிஸ் அதிகாரிக்கு உண்மை எட்டுவதேயில்லை.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து நோக்குவோருக்கு இது சிறு வேறுபாடன்று. துரையின் பங்களாவில் நடந்தவற்றை முதலில் அறிந்தவன் சமையற்கட்டில் நின்ற அப்புவே. ‘நிதானய’ வெளிவந்த அதே 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. பிரபுக்கள் நிலம் இழந்தனர். 1973–74இல் பட்டினியால் மடிந்தோரோ தோட்டத் தொழிலாளர். பிரபுவின் வீழ்ச்சியை நுட்பமாகக் காட்டிய கலை, அவ்வீழ்ச்சியின் விலையைச் செலுத்தியோரின் வாக்குமூலத்தையும் கேட்டல் வேண்டும்.