திரைப்பட ஆர்வலரின் பரிந்துரையும் ஆற்றுப்படை மரபும்

முன்னுரை

திரைப்பட ஆர்வலர் இருவர் சந்திக்கும்போது அவர்தம் உரையாடல் பெரும்பாலும் ஒரு வினாவில் தொடங்குகிறது: ‘இந்தப் படத்தைப் பார்த்துவிட்டீர்களா?’ பார்க்கவில்லை என்று மற்றவர் சொன்னவுடன் முதல்வர் தாம் கண்டதைச் சொல்லத் தொடங்குகிறார். எங்கே பார்க்கலாம், எந்த இடத்தில் பொறுமை வேண்டும், எந்தக் காட்சிக்காகக் காத்திருக்கலாம் என்றெல்லாம் வழி கூறுகிறார். இப்பேச்சைத் திறனாய்வு என்று நாம் கருதுவதில்லை. அச்சேறிய மதிப்புரையும் கோட்பாட்டுக் கட்டுரையுமே திறனாய்வு, மற்றவை பொழுதுபோக்குப் பேச்சு என்பது பொதுவான எண்ணம்.

இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது. கலையனுபவம் பெற்ற ஒருவர் பெறாத ஒருவரை அதன்பால் செலுத்துவதைத் தனியொரு இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். அவ்வகை ஆற்றுப்படை. ஆற்றுப்படையின் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு திரைப்பட ஆர்வலரின் பரிந்துரையை மதிப்பிடவும், அவ்வளவுகோலின்படி நம் திரைப்பட எழுத்து எங்கே தவறுகிறது என்று காட்டவும் இக்கட்டுரை முயல்கிறது.

ஆற்றுப்படையின் நான்கு கூறுகள்

தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் திணையின் துறைகளுள் ஒன்றாக ஆற்றுப்படையைக் கூறுகிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோருள் பரிசு பெற்றவர், வழியிடையே எதிர்ப்படும் பெறாதவர்க்குத் தாம் பெற்றதை அறிவித்து, அவரும் சென்று பெறுமாறு செய்வது இதன் பொருள். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் என ஐந்து இவ்வகையின.

இவ்வமைப்பில் நான்கு கூறுகள் இன்றியமையாதன. முதலாவது, சொல்பவர் தாமே பெற்றவராதல். பொருநராற்றுப்படையின் பொருநன், பேன் மண்டிய தன் கந்தலாடை நீங்கிக் கரிகாலனிடம் நுண்ணிய ஆடை பெற்றதையும், உண்டு உண்டு பல் தேய்ந்ததையும் தன் உடலையே சான்றாக வைத்துச் சொல்கிறான். இரண்டாவது, கேட்பவர் சொல்பவரை ஒத்தவராதல். பாணன் பாணனுக்கும் கூத்தன் கூத்தனுக்கும் வழிகாட்டுகிறான். இங்கு ஆசிரியரும் இல்லை, மாணவரும் இல்லை. மூன்றாவது, வழி. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வோரிடத்தும் கிடைக்கும் உணவையும் சொல்லிச் செல்கிறது. நான்காவது, செல்லும் வேலை கேட்பவருடையதாதல். ஆற்றுப்படுத்துவோன் புரவலனைக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. அவன் திசை காட்டி விலகுகிறான்.

வழி என்னும் கூறு மலைபடுகடாத்தில் உச்சநிலை அடைகிறது. நன்னனின் செங்கண்மாவுக்குச் செல்லும் கூத்தனுக்கு வளங்கள் மட்டுமா கூறப்படுகின்றன? பன்றிகளுக்காக அமைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் ஆகிய அனைத்தும் முன்னெச்சரிக்கையாகச் சொல்லப்படுகின்றன. இடர்களை மறைக்காத பரிந்துரையே நம்பத்தக்க பரிந்துரை என்னும் தெளிவு பெருங்கௌசிகனாரிடம் இருக்கிறது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஆற்றுப்படை புரவலனைப் புகழ எழுந்த பாடல். அதைப் பாடிய புலவர்க்குப் பரிசில் நோக்கு உண்டு. ஆகவே அது விளம்பரத்திற்கு நெருக்கமானது என்பதே அம்மறுப்பு. இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. பாடாண் திணைக்குள் இது வைக்கப்பட்டதே புகழ்நோக்கின் சான்று. ஆயினும் புலவர் தம் புகழுரையை நேராகக் கூறாமல், பெற்ற ஒருவனின் வாய்மொழியாக அமைத்தது ஏன் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். புகழ்ச்சியைவிட அனுபவச் சான்று வலியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். விளம்பரத்தில் சொல்பவனின் பசி தெரிவதில்லை. ஆற்றுப்படையில் அதுவே முதலில் தெரிகிறது.

கொல்கத்தா: ஒத்தாரும் ஆசிரியரும்

இந்தியாவில் இத்தகைய பகிர்வுக்கு நிறுவன வடிவம் தந்தவை திரைப்படச் சங்கங்கள். சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் 1947இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவராக ராய் அமைந்தார். திருவனந்தபுரத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் சித்ரலேகா சங்கத்தை நிறுவினர்.

இவ்வியக்கத்தில் இரு போக்குகள் தொடக்கம் முதலே கலந்திருந்தன. ஒன்று, கண்டவர் காணாதவரை அழைத்துச் செல்லும் தோழமை. மற்றொன்று, தாழ்ந்த ரசனையை உயர்த்த வேண்டும் என்னும் கல்விநோக்கு. பின்னது பயனற்றதென்று கூற இயலாது. ஆனால் அது ஓங்கியபோது ஆற்றுப்படையின் இரண்டாம் கூறு நலிந்தது. சொல்பவர் மேட்டிலும் கேட்பவர் பள்ளத்திலும் நின்றனர். பெருவாரியான மக்கள் விரும்பிய படங்களைப் பற்றி இவ்வியக்கத்தினர் நெடுங்காலம் பேச மறுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ராயின் முதற்படமான ‘பதேர் பாஞ்சாலி’யின் வரலாறு தோழமைப் போக்கின் வலிமைக்குச் சான்று. 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியானபோது தொடக்க நாள்களில் அதற்குக் கூட்டம் குறைவு. ஓரிரு வாரங்களில் அரங்குகள் நிரம்பின. பார்த்தவர் பார்க்காதவரிடம் சொன்ன சொல்லே இம்மாற்றத்தைச் செய்தது. அப்போது ராய் திரையுலகில் பெயர் பெற்றவரல்லர். படத்தில் பெரிய நடிகரும் இல்லை. வெளியே வந்தவரின் முகமும் சொல்லுமே அப்படத்தை நிலைநிறுத்தின.

வழியில்லாப் பரிந்துரை: ‘அக்ரகாரத்தில் கழுதை’

வழி இல்லாதபோது பரிந்துரை என்னவாகும் என்பதற்குத் தமிழிலேயே தக்க சான்று உண்டு. கேரளத்தைச் சேர்ந்த ஜான் ஆபிரகாம், வெங்கட் சாமிநாதனின் எழுத்தைக் கொண்டு தமிழில் இயக்கிய ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977), அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனால் பரவலான திரையரங்க வெளியீடு அதற்கு வாய்க்கவில்லை. சங்கத் திரையிடல்களில் கண்ட சிலர் சொல்ல, காணாத பலர் கேட்டனர்; கேட்டவர் பிறர்க்குச் சொன்னார்கள். நெடுங்காலம் இப்படம் தமிழ்ச் சூழலில் செவிவழிப் படமாகவே வாழ்ந்தது.

இதன் விளைவு யாது? பேராசிரியர் ஒருவர் தாயிழந்த கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கிறார், அக்ரகாரம் அதை வெறுத்துக் கொல்கிறது, கொன்றபின் அதனையே தெய்வமாக்குகிறது என்னும் சுருக்கம் கைம்மாறிக் கைம்மாறிக் கெட்டிப்பட்டது. சாதி ஆசாரத்தின் மீதான அங்கதம் என்னும் ஒற்றை வரி முடிவு படத்திற்கு முன்பே வாசகரிடம் வந்து சேர்ந்தது. அம்முடிவு பிழையன்று; குறையுடையது. கழுதையைப் பேணும் பேசவியலாத பெண் உமா இச்சுருக்கங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவளுக்கு நேர்ந்த வஞ்சனையும், இறந்து பிறந்த அவள் குழந்தையும், அதன் பழி கழுதையின் மேல் விழுவதுமே கதையைக் கொலைக்குக் கொண்டுசெல்கின்றன. தன் துயரைச் சொல்லவியலாத பெண்ணும் தன் குற்றமின்மையைச் சொல்லவியலாத விலங்கும் அருகருகே நிற்கும் அமைப்பே இப்படத்தின் உயிர்நிலை. சொல்லப்படும் கதையில் சொல்லற்றவர் முதலில் மறைந்துபோவது இயல்பு. படத்தைக் காண்பவர்க்கோ அவளை விலக்கிவிட்டுப் பார்க்க இயலாது.

இப்படத்தைப் பற்றிய குறை இது மட்டுமன்று. தமிழில் அயல்நாட்டுப் படங்களை அறிமுகம் செய்த கட்டுரைகள் பலவற்றில் கதைச்சுருக்கமே பெரும்பகுதியை நிறைத்தமைக்கும் இதுவே காரணம். வாசகர் அப்படத்தைக் காணப்போவதில்லை என்று எழுதுபவர் அறிந்திருந்தார். எனவே பரிந்துரை படத்திற்கு மாற்றாகிவிட்டது. புரவலனின் ஊர் செல்ல வழியில்லாதபோது, விருந்தின் வருணனையே விருந்தாயிற்று. அக்கட்டுரைகள் ஒரு தலைமுறைக்குப் பசியை உண்டாக்கின என்பதை நன்றியுடன் ஒப்ப வேண்டும். அவை ஆற்றுப்படையின் நான்காம் கூறை இழந்தன என்பதையும் கூறத்தான் வேண்டும்.

ஜான் ஆபிரகாம் இச்சிக்கலை வேறு வகையில் எதிர்கொண்டார். 1984இல் நண்பர்களுடன் ஒடேசா என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, மக்களிடம் பொருள் திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) படத்தை எடுத்து, அதனை ஊர்களுக்குக் கொண்டுசென்றார். வழியைச் சொல்வதற்கு மாறாக வழியையே அமைக்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

இன்றைய நிலை

குறுந்தகடுகள் பரவியபோதே வழியின்மை தளரத் தொடங்கியது. இன்று இணையவழியாகப் பல மொழிப் படங்கள் வீட்டிற்கே வருகின்றன. ஆயின் வழி கிடைத்தவுடன் சொல்பவர் மறையத் தொடங்கினார். ஐந்துக்கு இத்தனை விண்மீன் என்னும் மதிப்பெண்ணில் ‘யான் பெற்றேன்’ என்னும் குரல் இல்லை. எந்தப் பசியோடு சென்றார், எங்கே இடறினார், எதனால் நிறைந்தார் என்பதை எண் கூறாது. பார்த்தவற்றின் கணக்கைக் கொண்டு கணிப்பொறி முன்வைக்கும் பட்டியலுக்கோ பெற்ற அனுபவம் என்பதே கிடையாது. முன்பு பெற்றவர் இருந்தார், வழி இல்லை. இன்று வழி இருக்கிறது, பெற்றவரைத் தேட வேண்டியுள்ளது.

இது தமிழ்த்துறைகளுக்கும் உரிய சிக்கல். இலக்கியமும் திரைப்படமும் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ள இந்நாளில், படத்தைக் காணாமலே சுருக்கத்தைக் கொண்டு எழுதப்படும் கட்டுரைகளும் பெருகுகின்றன. மூலநூலைப் படிக்காமல் உரைச்சுருக்கத்தைக் கொண்டு சங்கப்பாடலை ஆராய்பவரை நாம் ஏற்பதில்லை. திரைப்பட ஆய்வில் மட்டும் அத்தளர்வை ஏற்பது முறையாகுமா?

எனவே ஒரு பரிந்துரையை, அது கட்டுரையாயினும் பேச்சாயினும், மூன்று வினாக்களால் அளக்கலாம். சொல்பவர் தாம் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதையா? படத்தின் இடர்களையும் சொல்கிறாரா, அதாவது அதன் மெதுவான ஓட்டம், பழக்கமற்ற வடிவம், தமக்கு ஒவ்வாத பகுதி ஆகியவற்றை மறைக்காமல் கூறுகிறாரா? கேட்பவர் சென்று காண வேண்டியதை விட்டுவைக்கிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என விடை கிடைப்பின் அது திறனாய்வே. அச்சேறாமையால் அதன் தகுதி குறையாது.

முடிவுரை

திரைப்பட ஆர்வலரின் பரிந்துரை, பெற்றவர் பெறாதவர்க்கு வழி காட்டும் செயல் என்ற அளவில் ஆற்றுப்படை மரபுக்கு உறவுடையது. சான்று, ஒத்த நிலை, வழி, விலகுதல் ஆகிய நான்கும் அமைந்தவிடத்து அது ஒரு படத்தையே வாழவைக்கிறது. ‘பதேர் பாஞ்சாலி’ இதற்குச் சான்று. இவற்றுள் ஒன்று குன்றினும் படத்தின் உயிர்நிலை மறைகிறது. ‘அக்ரகாரத்தில் கழுதை’யின் சுருக்கங்களில் இடம்பெறாத உமா இதற்குச் சான்று. மாணவர் ஒருவர் திரைப்படம் பற்றி ஆய்வேடு எழுத முன்வரும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய வினா, ஆர்வலர் தம்முள் கேட்டுக்கொள்ளும் அந்த எளிய வினாவே: இந்தப் படத்தைப் பார்த்துவிட்டீர்களா?