உட்காரக் கிடைக்கும் வாய்ப்பு: ‘அங்காடித் தெரு’வில் நாம் இல்லாதது பற்றி

2010-ல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வெளியானபோது நான் தமிழ் எம்.ஏ. மாணவன். திரையரங்கை விட்டு வெளியே வருகையில் எனக்குள் மிஞ்சியிருந்தது கருங்காலி என்கிற அந்த மேற்பார்வையாளன் மீதான வெறுப்பு மட்டுமே. அந்த வெறுப்பு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது ரொம்பப் பிந்தி, ஒரு தீபாவளியன்றுதான் உறைத்தது.

கல்லங்குறிச்சியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ‘வேலை பார்க்கிறாள்’ என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, ‘கடையில் நிற்கிறாள்’ என்றுதான் சொல்கிறார்கள். முந்தின ராத்திரி வியாபாரம் முடிந்து, கலைந்ததை எல்லாம் மடித்து அடுக்கிவிட்டு, விடியக் கருக்கலில் பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது தெருவில் எண்ணெய்க் குளியல் முடிந்து வெடிக் காகிதம் குப்பையாகக் கிடந்தது. பாதம் வீங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். “உக்கார்றதுக்குத்தான் சட்டம் போட்டாச்சேம்மா” என்றேன், படித்தவனுக்கே உரிய அசட்டுத்தனத்தோடு.

“ஸ்டூலு போட்டிருக்காங்கண்ணே. பிரிச்ச பொடவைய அது மேலதான் போட்டு வைப்போம். சீசன்ல எங்க உக்கார்றது? நம்மூரு பெருமாளும் நின்னுக்கிட்டுத்தானே இருக்காரு.”

எங்கள் ஊர்க் கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு கல் கம்பம். அதை நான் தொன்ம ஆய்வுக்குரிய விஷயமாக மட்டுமே யோசித்திருக்கிறேன்.

அவள் சொன்னபிறகு அந்தச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும். வேலையின் போக்கில் உட்கார வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஏதுவாக இருக்க வேண்டும் என்கிறது அது. இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கேரளத்தில் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு இருக்கைக்காகவும் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் தெருவில் இறங்கி, 2018-ல் சட்டத்தைத் திருத்தவைத்தார்கள். அதற்குப் பின்னால் வந்தது நம்முடையது. இங்கிலாந்திலோ மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கை என்று 1899-லேயே சட்டம் இருந்தது.

ஆனால் ‘வாய்ப்பு நேரும்போது’ என்பதில் எழுவாய் யார்? மழை பெய்வதுபோல, வெயில் அடிப்பதுபோல வாய்ப்பு தானாக நேர்கிறது. சட்டத்தின் சொல்லாடலுக்குள் முதலாளி இருக்கிறார், ஊழியர் இருக்கிறார். வாய்ப்பைக் கொடுக்கவும் பறிக்கவும் செய்கிற மூன்றாம் நபருக்கு அதில் பெயர் இல்லை. துணியெடுக்க வந்திருக்கும் நாம்தான் அந்த நபர்.

இதே இல்லாமைதான் ‘அங்காடித் தெரு’விலும் இருக்கிறது. அடி, சம்பளப் பிடித்தம், நெருக்கிப் படுக்கும் தங்குமிடம் என்று உடல் மீதான அதிகாரத்தைத் தமிழ் சினிமா அதற்குமுன் அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் ரங்கநாதன் தெருவை நிறைக்கும் வாங்குவோர் கூட்டம் அதில் பெரும்பாலும் பின்னணிதான். இரைச்சல் இருக்கிறது, முகம் இல்லை. கொடுமை முழுக்கக் கருங்காலியிடமும் அண்ணாச்சியிடமும் குவிந்துவிடுவதால் பார்வையாளன் பாவமன்னிப்புப் பெற்று வெளியே வருகிறான். நான் அப்படித்தான் வந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ ஐப்பசிகளில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தக் கரைய எடும்மா, அதுக்குக் கீழ உள்ளத எடும்மா” என்று நாற்பது புடவையைப் பிரிக்கவைத்து, “பெறகு வர்றோம்” என்று எழுந்து போயிருக்கிறேன். மெத்தையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எமிலி ஸோலா 1883-ல் எழுதிய ‘லேடீஸ் பாரடைஸ்’ நாவலை இதோடு வைத்துப் பார்க்கலாம். பாரிஸின் பெரிய ஜவுளிக்கடை. கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் தெனிஸ். வியாபாரம் மந்தமானதும் ஆளைக் கழித்துவிடும் வழக்கம். எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஸோலா கூடுதலாகச் செய்தது, வாங்க வருகிறவர்களைப் பெயரோடு, பசியோடு கதைக்குள் கொண்டுவந்தது. வாத்தியார் சம்பளத்தைத் துணியில் கரைக்கும் மனைவி, சரிகைப் பின்னலைத் திருடிப் பிடிபடும் சீமாட்டி என்று சிறப்பு விற்பனையின் வெறி ஆட்களாக நடமாடுகிறது. கடைசியில் தெனிஸை முதலாளிக்கே கட்டிவைத்து ஸோலா சொதப்பினார் என்பது வேறு விஷயம். ஜோதிலிங்கத்தையும் கனியையும் நடைபாதையில் நிறுத்திய நம் படம் அந்த இடத்தில் மேலானது.

நண்பர் ஒருவர் மறுத்தார்: “வாங்குறவன் மட்டும் யாரு? அவனும் தொழிலாளிதானய்யா.” எங்கள் பக்கத்தில் இது வெறும் வாதம் இல்லை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் தீபாவளியை ஒட்டிக் கைக்கு வருகிறது. போராடி வாங்கிய பணம். வந்தவுடன் எல்லோரும் ஒரே வாரத்தில், ஒரே தெருவில் போய் விழுகிறோம். ஒருவர் உரிமை இன்னொருத்தியின் காலில் வீக்கமாக இறங்குகிறது. மார்க்ஸ் பண்டத்தின் மாயம் என்று சொன்னது இங்கே இன்னும் சிக்கலாகிறது: இரண்டு தொழிலாளிகளுக்கு நடுவில் ஒரு புடவை இருக்கிறது, இருவரும் அதை மட்டுமே பார்க்கிறார்கள். நண்பர் சொல்வது சரி என்றாலும் அந்த நாற்பது புடவைகள் மறுபடி மடிக்கப்பட்டாக வேண்டும்.

‘தள்ளுபடி’ என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆனால் கேட்டவனுக்கு இல்லை என்று அர்த்தம். பயிர்க்கடன் தள்ளுபடி ஆனால் கொடுக்க வேண்டியதில்லை என்று அர்த்தம். ஆடித் தள்ளுபடியில் இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் நடக்கின்றன, கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

பண்டிகை விடுமுறைக்கென்று 1958-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது மாற்று விடுப்பு. அது எண்ணுவது பண்டிகை நாளை. கடைக்குப் பண்டிகை என்பதோ முந்தின பத்து ராத்திரிகள். தீபாவளியன்று கடைக்கு லீவு, கணக்கு சரியாக இருக்கிறது. அன்று பகல் முழுக்க அவள் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து பலகாரம் தின்றுவிட்டு, “கார்த்திகை முகூர்த்தத்துக்கு சரக்கு எறங்குதுண்ணே” என்று மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.