குழம்பு வைப்பது, காப்பி போடுவது

தோசையை வார்க்கிறார்கள், முறுக்கைப் பிழிகிறார்கள், வடையைத் தட்டுகிறார்கள், கொழுக்கட்டையைப் பிடிக்கிறார்கள், அல்வாவைக் கிண்டுகிறார்கள், கீரையைக் கடைகிறார்கள். ஒவ்வொரு வினையிலும் ஒரு கை அசைவு தெரிகிறது. இத்தனை ருசியான விஷயத்துக்கு 'மரபுச்சொல்' என்று பெயர் வைத்து, போட்டித் தேர்வுக் கையேட்டில் பட்டியலாக அடைத்துவிட்டார்கள். பிறகு யார் பக்கத்தில் வருவார்கள்? மயில் அகவும், ஆந்தை அலறும் என்று ஒப்பிப்பது ரசனை அல்ல.

அடிப்படை எளிது. பெயர்ச்சொல் தனக்கான வினையையும் அடைமொழியையும் தானே அழைத்து வரும். பசி எடுக்கும், சளி பிடிக்கும், காய்ச்சல் அடிக்கும். சேலையைக் கட்டுவார்கள், சட்டையைப் போடுவார்கள். இருட்டு கும்மிருட்டாகும், மழை அடைமழையாகும். அவ்வளவுதான்.

தொல்காப்பியர் கிளவியாக்கம் என்ற இயலில் இதற்கொரு விதியே வைத்திருக்கிறார்: வெவ்வேறு வினை கொள்ளும் பொருள்களுக்குப் பொதுப்பெயர் வந்தால், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைச் சொல்லக் கூடாது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'அடிசில்', அதாவது சாப்பாடு. அடிசிலில் உண்பதும் உண்டு, தின்பதும் உண்டு, பருகுவதும் உண்டு. அதனால் 'அயின்றார்' என்ற பொதுவினை. இன்று அந்த வேலையை 'சாப்பிட்டார்' பார்க்கிறது.

இனிதான் விஷயமே. குழம்பு, ரசம், கஞ்சி, பாயசம் எல்லாம் 'வைப்பது'. காப்பி, ஊறுகாய், ஆம்லெட் எல்லாம் 'போடுவது'. ஏன்? வைப்பதில் பாத்திரம் அடுப்பில் உட்கார்ந்துவிடுகிறது. புளியும் பருப்பும் காரமும் கொதித்து ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டும். உலை வைப்பதும் இதே வைப்புதான். போடுவது வேறு: காப்பியில் டிகாஷன் தனியாக இறங்குகிறது, பால் தனியாகக் காய்கிறது, கடைசியில் கை இரண்டையும் சேர்க்கிறது. ஊறுகாய்க்கு நாள் கணக்கில் ஆகுமே என்று கேட்கலாம். ஆகும், ஆனால் அங்கே வேலை செய்வது உப்பும் வெயிலும், உலை அல்ல. ஆம்லெட் கல்லில் விழுந்த மறுநிமிடம் தட்டுக்கு வந்துவிடும். சில வீடுகளில் 'டீ வைக்கிறேன்' என்பார்கள். தூளும் பாலும் ஒன்றாகக் கொதிக்கும் வீட்டில் அதுவும் பொருத்தமே. தோசைக்கோ இரண்டு வினை: வார்ப்பது கையைப் பார்த்துச் சொன்னது, சுடுவது நெருப்பைப் பார்த்துச் சொன்னது.

தொலைக்காட்சிச் சமையலில் இதெல்லாம் 'ஃப்ரை பண்ணி, ஆட் பண்ணி' என்று முடிந்துவிடுகிறது. வெங்காயம் ஈரம் சுண்ட வதங்கும். ரவை காய்ந்த வாணலியிலும் வறுபடும். அப்பளம் எண்ணெயில் மூழ்கிப் பொரியும். மூன்றையும் ஃப்ரை என்பவர் செய்முறையையே மறைக்கிறார். உடனே கடன்சொல்லைத் திட்டக் கிளம்பும் விமர்சகர்களும் மேலோட்டமானவர்களே. காப்பியும் டிகாஷனும் வந்த சொற்கள்தான். வந்த இடத்தில் 'போடு', 'இறங்கு' என்று தமிழ் வினைகளோடு குடும்பம் நடத்துகின்றன. கள்ளிச்சொட்டு என்ற அடைமொழியைவிடக் காப்பிக்கு வேறென்ன அழகு வேண்டும்? முறுகல் தோசைக்கு, கெட்டி சட்னிக்கு என்று ஒவ்வொன்றும் தன் வீடு அறிந்து நிற்கிறது.

இந்தச் சொற்களைப் பழக விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம்: கல்யாண வீட்டில் பந்திக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் சமையல்கட்டின் வாசலில் நின்றால் போதும். "பாகு கம்பிப் பதம் வந்துடுச்சா? இறக்கு, இறக்கு! அந்தச் சோத்தை வடி. இலை போட்டாச்சு!"